குறையும் ஒரு வெள்ளி

பெங்காலான் வெல்டில், ஃபெர்ரி முகப்புக்கு எதிரே,
மாடிப்படி ஏறும்போதே வெங்காய வாடை.
இபுராம்சா அண்ட் சன்ஸ், இறக்குமதி.
திங்களன்று பழைய கணினி புகைந்து செத்ததாம்.
செவ்வாயன்று புதியது வந்தது.
புதனன்று நான் வந்தேன்.

"எல்லாம் ஓடுது தமயந்தி. அது மட்டும் ஓடல."
கிராணி ஊய் சியூ கிம்.
இந்த மாடியில் உட்கார்ந்தே
தமிழில் திட்டக் கற்றுக்கொண்டவர்.

அது:
சாம்பல் சாளரம், மூலையில் ஒரு கப்பல் படம்.
தொண்ணூற்றொன்பதில் பெனடிக்ட் எழுதியது.
பெனடிக்ட் இப்போது பெர்த்தில்,
மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதில்லை.
சாளரம் திறக்கிறது. பெயர் கேட்கிறது. கடவுச்சொல் கேட்கிறது.
தரவுத்தளத்தின் கதவைத் தட்டப்போய்
வாசலிலேயே நின்றுவிடுகிறது:
இயக்கிக்கும் செயலிக்கும் கட்டமைப்பு பொருந்தவில்லை.

ஜாதகக் கட்டைப் பார்த்துவிட்டு
எழுந்துபோன ஜோசியர் மாதிரி ஒரே வரி.
பரிகாரம் இல்லை.

புதிய இயந்திரம் அறுபத்து நான்கு பிட்,
ஆய கலை அத்தனையும் படித்த மினுக்கு.
பழைய செயலி முப்பத்திரண்டு.
பல் அத்தனையும் காட்டி இளித்தாலும்
புது இயக்கி அதன் முகம் பாராது.

முதலில் தப்புச் செய்தேன்.
புது இயக்கியைப் போட்டு, சோதனைப் பொத்தானை அழுத்தி
"வெற்றி" என்றதை நம்பினேன்.
பதினொன்றரை மணி.
பட்டர்வொர்த்தில் இரண்டு கொள்கலன் நாசிக் வெங்காயம்,
நாள் வாடகை ஏறிக்கொண்டு, முளைவிடக் காத்துக்கொண்டு.
முதலாளி மகன் நசீர்தீன் மூன்றாம் தடவை எட்டிப்பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசம்.

பதினோரு வருஷமாகிறது இந்த வேலையில்,
இன்னும் இந்த இடத்தில் சிரிப்பு வரும்:
முப்பத்திரண்டு என்று பலகை மாட்டிய கோப்புறையில்
குடியிருப்பது அறுபத்து நான்கு.
அறுபத்து நான்கு என்ற பலகைக்குப் பின்னால்
முப்பத்திரண்டு.
யாரோ பெயர் மாற்றப் பயந்திருக்கிறார்,
மாற்றினால் பழைய நிரல்கள்
விலாசம் தெரியாமல் அலையும் என்று.
அந்தப் பயத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்த இரண்டாம் வீட்டில் பழைய இயக்கியை இறக்கினேன்.
இன்னும் நின்றது. இம்முறை வேறு புகார்.
பாதையில், கோப்புறைப் பெயரில், ஓர் அடைப்புக்குறி.
அந்த வளைவைத் தாண்டத் தெரியாத வயசு அதற்கு.
தூக்கி வெளியே வைத்தேன்,
நேரான பெயருள்ள வெறும் கோப்புறையில்.

திறந்தது.

அவசரத்தில், அறிக்கை வழியாக இல்லாமல்
அட்டவணையையே பார்த்துவிட்டேன்.
முதல் வரிசை, எந்த அறிக்கையிலும் வராத வரிசை:
எண் ஒன்று. கிரிஜா. ஒரு வெள்ளி.
ரொக்கமாகச் செலுத்தியது.
குறிப்பு: சோதனை.

ஊய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஐயோ. இதானா?
இருபத்தாறு வருஷம். பணப்பெட்டியில் ஒரு வெள்ளி குறையும்.
ஆடிட்டர் வர்ற அன்னைக்கு என் பர்சிலிருந்து போடுவேன்,
போனதும் எடுத்துக்குவேன்."

பெனடிக்ட் மனைவியாக இருக்கும் என்றேன்.
"அவன் பொண்டாட்டி பேரு பிலோமினா."

வெளியே ஃபெர்ரி ஒன்று ஒலியெழுப்பிக் கிளம்பியது.
அழிக்க ஒரு வரிக் கட்டளை போதும்.
விரல் விசைமேல் இருந்தது.
"முதல்ல வெங்காயத்த எடு," என்றார்.
சுங்கப் பத்திரம் அச்சாகி வந்தது,
முதல் பக்கம் கோணலாக.
நசீர்தீன் அதைப் பிடுங்கிக்கொண்டு
இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

நான் ஒயரைச் சுருட்டினேன்.
ஊய் பர்சைத் திறந்து ஒரு நீல நோட்டை எடுத்து
பணப்பெட்டியில் வைத்தார்.
"இன்னைக்கு ஆடிட்டர் வரலையே?"
"தெரியும்," என்று பூட்டினார்.

பில்லில் எழுதினேன்: இயக்கி பொருத்தியது,
கோப்புறை மாற்றியது, மூன்றரை மணி நேரம்.
கிரிஜாவைப் பற்றி எழுதவில்லை.